மின்கட்டணத்தை முடிவு செய்யும் அந்த மூன்று பேர் யார்? அவர்களை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமா?

புனேயில் கடக்வாஸ்லா அணைப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்றால், மாதா மாதம் மகாவிதரண் பில் கைக்கு வந்திருக்கும். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதிலும் முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகியவர்களுக்கு இந்த பில் முதல் தடவை கொஞ்சம் குழப்பும். நிலைக் கட்டணம் ஒரு வரி, மின்சாரக் கட்டணம் ஒரு வரி, வீலிங் சார்ஜ் என்று இன்னொரு வரி, கடைசியில் வீடுகளுக்கு 16% மின்வரி.

இதில் மின்வரி மாநில அரசு போடுவது. மற்ற வரிகளில் இருக்கும் விலையை முடிவு செய்வது அரசும் இல்லை, மகாவிதரணும் இல்லை. மும்பை கஃப் பரேடில் உள்ள உலக வர்த்தக மையத்தில் இயங்கும் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான். சட்டப்படி அதில் தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். தமிழ்நாட்டிலும் இதே ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் சுமார் 10 மாநிலங்களில் இந்த மாதிரி நாற்காலிக்குத் தேர்தல் நடக்கிறது. வேட்பாளர் வீடு வீடாகப் போய் "உங்க கரண்ட் பில்லை நான் பார்த்துக்கறேன்" என்று ஓட்டு கேட்கலாம். மின்துறை வழக்குகளில் பழுத்த ஒரு வழக்கறிஞர், இந்தியாவில் அப்படிப் பிரச்சாரம் செய்து இந்தப் பதவிக்கு வர முடியுமா? முடியாது. ஆனால் அவருக்கென்று ஓர் இடம் இங்கே சட்டப்படி இருக்கிறது. அந்த இடம் எப்படி வந்தது, யார் நிரப்புகிறார்கள், காலியாகக் கிடந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இந்தியாவில் தேர்தல் கிடையாது. மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெயர்களைக் கொடுக்கும். மாநில அரசு ஒருவரை நியமிக்கும்.

• ஆணையத்தில் சட்டத்துறை சார்ந்த ஓர் உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பளித்தது.

• உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் கட்டண மனு மீது ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை உண்டு.

இப்படி ஓர் ஆணையம் ஏன் வந்தது?

1990களின் நடுப்பகுதி வரை மின்கட்டணத்தை நடைமுறையில் முடிவு செய்தது மாநில அரசும் அதன் மின்வாரியமும்தான். தேர்தல் வந்தால் கட்டணம் உயராது. பெரிய தனியார் திட்டம் வந்தால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது.

மகாராஷ்டிரத்துக்கு அதன் விலை தெரிந்தது தாபோலில். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் கொண்டுவந்த அந்த மின்நிலையத்துக்கு 1993இல் மின்கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995இல் ஆட்சி மாறியதும் ஒப்பந்தம் ரத்து. அடுத்த ஆண்டே மறுபேச்சு நடந்து திட்டம் திரும்ப வந்தது. மின்சாரத்தின் விலை வாரியத்தால் தாங்க முடியாத அளவுக்குப் போனதும், 2001இல் வாங்குவதையே நிறுத்தினார்கள். அந்த ஒப்பந்தத்தின் கணக்கை வரி வரியாகப் பிரித்துப் பொதுமக்கள் முன் வைத்தவர்களில் முக்கியமானவர்கள் புனேயைச் சேர்ந்த பிரயாஸ் அமைப்பினர். வேறு யாரும் கேட்காத கேள்விகளை ஒரு தன்னார்வ அமைப்பு கேட்க வேண்டியிருந்தது. காரணம், அதைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட சுதந்திரமான அமைப்பு அன்றைக்கு இல்லை.

இந்தியாவில் முதல் மாநில ஆணையம் ஒடிசாவில் 1996இல் வந்தது. 1998இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அதன் கீழ் தமிழ்நாட்டு ஆணையம் 1999 மார்ச்சிலும், மகாராஷ்டிர ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டிலும் அமைந்தன. இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடக்வாஸ்லா அணையின் தண்ணீருக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. நகராட்சிக்கும் விவசாயத்துக்கும் தொழிற்சாலைக்கும் மொத்தமாகக் கொடுக்கும் தண்ணீரின் விலையை வகுப்பது, 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மகாராஷ்டிர நீர்வள ஒழுங்குமுறை ஆணையம். ஆக, கடக்வாஸ்லாவில் குழாயைத் திறந்தாலும் சுவிட்சைப் போட்டாலும், அதற்குப் பின்னால் நீங்கள் ஓட்டுப் போடாத ஓர் ஆணையம் இருக்கிறது.

இந்த மூன்று பேருக்கு என்ன அதிகாரம்?

இரண்டு வகையான வேலை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலாவது, விலை வகுப்பது. வீட்டுக்கு யூனிட் எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, பகிர்மான நிறுவனம் எந்தச் செலவை உங்கள் தலையில் கட்டலாம், எந்தச் செலவைத் தானே சுமக்க வேண்டும், யாரிடம் என்ன விலைக்கு மின்சாரம் வாங்கலாம் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, வழக்கைத் தீர்ப்பது. மின் உற்பத்தி நிறுவனத்துக்கும் பகிர்மான நிறுவனத்துக்கும் தகராறு வந்தால் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம் இல்லை, ஆணையம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகாம் வழக்கில் சொல்லிவிட்டது. பல நூறு கோடி ரூபாய் சம்பந்தப்பட்ட வழக்குகள் இங்கே தீர்ப்பாகின்றன. தோற்ற நிறுவனம் கட்ட வேண்டிய தொகை பல சமயம் சுற்றிச் சுற்றி உங்கள் பில்லுக்குத்தான் வரும்.

யார் இந்தப் பதவிக்கு வரலாம்?

சட்டத்தின் 84ஆவது பிரிவு கேட்பது: திறமை, நேர்மை, மதிப்பு. கூடவே பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அறிவும் அனுபவமும். "ஏதாவது ஒன்று" என்பதுதான் சிக்கலுக்கு ஆரம்பம். மூன்று பேரும் பொறியாளர்களாகவோ, ஓய்வுபெற்ற அதிகாரிகளாகவோ இருந்தாலும் அந்த வரியின்படி தப்பில்லை.

தேர்வு நடக்கும் விதம் 85ஆவது பிரிவில் இருக்கிறது. குழுவின் தலைவர், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். உறுப்பினர்கள், மாநிலத் தலைமைச் செயலாளரும், மத்திய மின்சார ஆணையத் தலைவர் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத் தலைவரும். ஒவ்வொரு காலியிடத்துக்கும் இரண்டு பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும். அந்த இருவருக்கும் பாரபட்சம் உண்டாக்கக்கூடிய பண ஆதாயமோ வேறு ஆதாயமோ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பணிக்காலம் 5 ஆண்டுகள். அதே பதவியில் மறுநியமனம் கிடையாது. வயது வரம்பு 65.

கால அட்டவணையும் சட்டத்திலேயே உண்டு. ஒருவரின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அரசு குழுவிடம் கேட்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்குள் பெயர்களை முடிவு செய்ய வேண்டும். அதாவது, எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கத் தேவையில்லை.

சட்டம் படித்தவருக்கான இடம் எப்படி வந்தது?

இந்தக் கதையின் ஒரு முனை தமிழ்நாட்டில் இருக்கிறது. பிள்ளைபெருமாநல்லூர் மின்நிலையத்தை நடத்தும் பிபிஎன் நிறுவனத்துக்கும் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்துக்கும் பணப் பாக்கி தொடர்பாக வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியது: இவ்வளவு பெரிய தகராறுகளைத் தீர்க்கும் ஆணையத்துக்கு நீதிபதியாக இருந்த ஒருவரைத் தலைவராகப் போடுவதே நல்லது. அது ஆலோசனைதான், கட்டளை இல்லை.

கட்டளை வந்தது 2018 ஏப்ரல் 12இல். குஜராத் அரசுக்கும் யுடிலிட்டி யூசர்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன் என்ற நுகர்வோர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு. நீதிபதிகள் செலமேஸ்வர், சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு இரண்டு பக்கமும் ஓரளவுக்கு ஒத்துக்கொண்டது என்றே சொல்லலாம். தலைவர் நீதிபதியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. ஆனால் உறுப்பினர்களில் ஒருவராவது சட்டத்துறை சார்ந்தவராக இருந்தே ஆக வேண்டும் என்றது. நீதித்துறைப் பதவியில் இருந்தவர், அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ மாவட்ட நீதிபதியாகவோ நியமிக்கப்படும் தகுதியும் வழக்கறிஞராகக் கணிசமான அனுபவமும் உள்ளவர். வழக்கைத் தீர்க்கும் அமர்வுகளில் அவர் இருப்பது கட்டாயம். அப்படி ஒருவர் இல்லாத மாநிலங்களில், அடுத்து வரும் காலியிடம் அவருக்குத்தான்.

இந்த இடத்தைச் சட்டம் எழுதியவர்கள் வெளிப்படையாகக் கொடுக்கவில்லை. தன் ஊர் ஆணையத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கவலைப்பட்ட ஒரு நுகர்வோர் சங்கம் வழக்காடியதால் வந்தது.

அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும்?

2022 தமிழ்நாட்டைப் பாருங்கள். அந்த ஆண்டு மின்கட்டண உயர்வுக்கான மனு வந்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அதே நேரத்தில் நூற்பாலைகள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆணையத்தில் சட்ட உறுப்பினர் இல்லை, அவர் இல்லாமல் கட்டணத்தை எப்படி முடிவு செய்யலாம் என்பது கேள்வி. நியமனம் நடக்கும்வரை இறுதி உத்தரவு போடக் கூடாது என்று தனி நீதிபதி சொன்னார். செப்டம்பர் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை விலக்கியது. புதிய கட்டணம் செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது.

இங்கேதான் முன்பு சொன்ன வேறுபாடு வருகிறது. வழக்கைத் தீர்க்க சட்ட உறுப்பினர் கட்டாயம் என்று 2018 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. விலை வகுக்கும்போதும் அவர் இருந்தே ஆக வேண்டுமா? காலியிடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆணையத்தின் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று மின்சாரச் சட்டத்தின் 93ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நியமனத்தைத் தள்ளிப்போடும் அரசுக்கு உடனடி இழப்பு அதிகம் இல்லை என்பது புரியும். கட்டண உத்தரவு எப்படியும் வந்துவிடுகிறது. அந்த அறையில் "இதுக்குச் சட்டத்துல எங்க இடம் இருக்கு?" என்று கேட்க வேண்டியவர் மட்டும் இருப்பதில்லை.

சரி, நல்ல மின்துறை வழக்கறிஞர்கள் இந்தப் பதவியை விரும்புவார்களா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மும்பையில் 20 ஆண்டுகளாக மின்துறை வழக்குகளை நடத்தும் 45 வயது வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வானால் தொழிலை நிறுத்த வேண்டும். 50 வயதில் வெளியே வருவார். 89ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்கு வணிக வேலை எதையும் ஏற்க முடியாது. அதைவிடப் பெரிய நிபந்தனை அடுத்த வரியில்: அதன்பிறகு மத்திய ஆணையத்திலோ எந்த மாநில ஆணையத்திலோ, யாருக்காகவும் வாதாடக் கூடாது. இதற்குக் கால வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. அவருக்குத் தெரிந்த தொழிலின் பெரும்பகுதி அதோடு முடிகிறது.

இதே பதவி 60 வயதில் கிடைத்தால்? 5 ஆண்டுகள், 65இல் ஓய்வு, கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த விதிகள் தவறானவை இல்லை. நேற்று தீர்ப்பு சொன்னவர் நாளை அதே நிறுவனத்துக்காகக் கோட்டு போட்டு நின்றால் யார் நம்புவார்கள்? ஆனால் விளைவு என்ன என்று பாருங்கள்: வேலையின் உச்சத்தில் இருப்பவரைவிட, ஓய்வை நெருங்குபவருக்கே இந்த நாற்காலி சௌகரியமாக இருக்கிறது.

அப்போ அமெரிக்கா மாதிரி தேர்தலே வைத்துவிடலாமா?

தேர்தலுக்கு ஆதரவான கதையும் உண்டு, எதிரான கதையும் உண்டு.

லூசியானாவில் ஹியூய் லாங் என்ற இளம் வழக்கறிஞர் 1918இல், 25 வயதில், மாநில ரயில்வே ஆணையத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். பிறகு பொதுச் சேவை ஆணையம் என்று பெயர் மாறிய அமைப்பு அது. தொலைபேசி நிறுவனம் ஒன்றின் கட்டண உயர்வை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை தானே வாதாடி, வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்தார். அந்தப் பெயரை ஏணியாக்கி 1928இல் ஆளுநர் தேர்தலிலும் வென்றார். அதன்பின் அவர் அதிகாரத்தைக் குவித்த விதம் இன்றும் சர்ச்சைக்குரியது. மக்களுக்காக வாதாடியவரும், அதே நாற்காலியை அரசியல் படிக்கட்டாக்கியவரும் ஒரே ஆள்தான்.

அண்மைக் கதை ஜார்ஜியா. 2025 நவம்பர் 4 அன்று அந்த மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையத்தில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. பிரச்சாரத்தின் மையம் மின்கட்டண உயர்வு. பதவியில் இருந்த இரண்டு குடியரசுக் கட்சியினரும் தோற்றார்கள். ஜனநாயகக் கட்சியின் அலீசியா ஜான்சனும் பீட்டர் ஹப்பர்டும் வென்றார்கள். பில்லைப் பார்த்துக் கோபப்பட்டவர்களுக்கு, அதைக் காட்ட நேரடியாக ஒரு வாய்ப்பு கிடைத்தது.

எதிர்க் கதை அரிசோனா. 2014 ஆணையத் தேர்தலில், அந்த ஆணையம் யாரை மேற்பார்வை செய்ய வேண்டுமோ அதே மின்நிறுவனத்தின் தாய் நிறுவனம் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. அது அதிகாரபூர்வமாக வெளியே வந்தது 2019இல். நியூ மெக்சிகோ மக்களோ, 2020இல் வாக்கெடுப்பு மூலமே தேர்தல் முறையைக் கைவிட்டு நியமன முறைக்கு மாறினார்கள்.

ஆக, தேர்தல் வைத்தால் நிறுவனத்தின் பணம் உள்ளே வரும் ஆபத்து. நியமனம் என்றால் அரசின் சௌகரியம் உள்ளே வரும் ஆபத்து. இந்தியா தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. அந்த வழியில் மக்களுக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு, விசாரணை வெளிப்படையாக நடப்பதும், நாற்காலிகள் நேரத்துக்குச் சரியான ஆட்களால் நிரம்புவதும்தான்.

மகாராஷ்டிரத்தில் 2025இல் நடந்தது என்ன?

விசாரணை ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் பில்லே சாட்சி. 2025 மார்ச் 28 அன்று ஆணையம் மகாவிதரணுக்கான பல்லாண்டுக் கட்டண உத்தரவை வெளியிட்டது. கட்டணம் குறையும் என்று அறிவிப்பு. சில நாள்களிலேயே, உத்தரவில் பிழைகள் இருப்பதாக மகாவிதரண் சொன்னதை அடுத்து, ஆணையம் தன் உத்தரவைத் தானே நிறுத்திவைத்தது. ஜூன் 25 அன்று மறுபரிசீலனை உத்தரவு வந்தது. ஜூலை 1 முதல் அமல். முதல் உத்தரவுக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்ட மாதிரி, அதைத் திருத்தும்போது கேட்கவில்லை என்ற புகார் எழுந்தது.

எந்தக் கணக்கு சரி என்பது வேறு விவாதம். கணக்கை மாற்றும்போது எதிர்த்தரப்பைக் கேட்டீர்களா என்பது சட்டக் கேள்வி. அதை ஆணையத்துக்கு உள்ளிருந்தே எழுப்பக்கூடியவர் அந்தச் சட்ட உறுப்பினர்.

ஓட்டு இல்லை. வேறு என்ன செய்யலாம்?

கட்டண மனு வரும்போது: பகிர்மான நிறுவனம் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே, மனு வந்த 120 நாள்களுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். மகாராஷ்டிர ஆணையம் புனே உட்படப் பல ஊர்களில் பொதுவிசாரணை நடத்துவது வழக்கம். நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் பில் கட்டுபவர்; எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம். "விலை அதிகம்" என்று எழுதுவதைவிட, மனுவில் ஒரு செலவைக் குறிப்பிட்டு "இது ஏன்?" என்று கேட்டால் எடை அதிகம்.

தனியாகச் செய்ய முடியாவிட்டால்: நுகர்வோர் சார்பில் வாதாட ஆணையம் அமைப்புகளை அனுமதிக்கலாம் என்கிறது 94ஆவது பிரிவு. மகாராஷ்டிரத்தில் பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத் போன்றவை அப்படிப் பங்கேற்றிருக்கின்றன. அவர்களின் ஆட்சேப மனுக்களைப் படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

உங்கள் பில் மட்டும் தப்பு என்றால்: ஆணையத்துக்குப் போக வேண்டாம். பகிர்மான நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம் முதல் படி. அடுத்தது மின்சாரக் குறைதீர்ப்பாளர். மகாராஷ்டிரத்தில் மும்பையிலும் நாக்பூரிலும் அவருக்கு அலுவலகம் உண்டு.

உத்தரவே தப்பு என்றால்: டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாள்களுக்குள் போகலாம்.

நாற்காலியைக் கவனிக்க: இதை யாரும் அதிகம் செய்வதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில எரிசக்தித் துறைக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். ஆணைய உறுப்பினர் ஒவ்வொருவரின் பதவிக்காலமும் எப்போது முடிகிறது? அதற்கு ஆறு மாதம் முன்பே தேர்வுக் குழுவிடம் கேட்டாயிற்றா? சட்ட உறுப்பினர் யார், எந்தத் தகுதியின் கீழ் நியமிக்கப்பட்டார்?

பதில் "இன்னும் கேட்கவில்லை" என்று வந்தால், அது அடுத்த கட்டண விசாரணைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்ட செய்தி. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.